வாடகை வரி மதிப்பீடு: கொழும்புக்குப் போகுமுன் உள்ள 30 நாள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. திருகோணமலை உவர்மலையில் வசிக்கிறேன். அம்மா சீதனமாகத் தந்த வீடொன்று அலஸ்தோட்டத்தில் இருக்கிறது. அதை ஒரு கம்பனிக்கு மாதம் 200,000 ரூபாவுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தேன். 2023 ஒக்டோபர் முடிவில் அவர்கள் போய்விட்டார்கள். மாரி முழுக்க வீடு பூட்டிக் கிடந்தது. 2024 மார்ச் முதலாம் திகதிதான் வேறொரு கம்பனி அதே வாடகைக்கு வந்தது. அவர்கள் ஆறு மாத அட்வான்ஸ் 1,200,000 ரூபாவை வங்கியில் போட்டார்கள். இரண்டு கம்பனியும் 10 வீதத்தை வரி என்று வெட்டிக்கொண்டே வாடகை தந்தார்கள். அதோடு வரி முடிந்தது என்று நினைத்து, ஆண்டு வருமானத்தை அறிவிக்கும் விபரத்திரட்டு எதுவும் அனுப்பாமல் இருந்துவிட்டேன். இப்போது 2023/2024 ஆண்டுக்கு மதிப்பீட்டு அறிவித்தல் வந்திருக்கிறது. பன்னிரண்டு மாத வாடகை, அந்த அட்வான்ஸ், கனடாவிலிருந்து மகன் செலவுக்கு அனுப்பிய 900,000 எல்லாவற்றையும் வாடகை வருமானம் என்று கூட்டி, வரி 738,000 ரூபா என்கிறார்கள். தண்டமும் வட்டியும் வேறு. ஒருவர் நேரே கொழும்பு ட்ரிபியூனலுக்குப் போ என்கிறார். இன்னொருவர் கோர்ட்டுக்கு வந்தபிறகு பார்க்கலாம் என்கிறார். சபையின் சோலைவரி மதிப்பீட்டில் வீட்டின் பெறுமதி மிகக் குறைவு, அதைக் காட்டலாமா? உவர்மலை வீட்டு முன் அறையைக் கடைக்கு விட்டு மாதம் 40,000 காசாக வாங்குகிறேன். அது அறிவித்தலில் இல்லை. அதைப் பற்றிப் பேசாமல் விடலாமா? அறிவித்தல் கிடைத்து 11 நாள் ஆகிறது.

பதில்: டீச்சர், 11 நாள் என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது. இப்படியான கடிதங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் என்னிடம் வரும். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் அதிகம் இல்லை.

நேரே ட்ரிபியூனலுக்குப் போக முடியாது. நீங்கள் சொல்லும் ட்ரிபியூனல், 2011ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு. அது கொழும்பில் இருக்கிறது. மதிப்பீட்டு அறிவித்தலைத் தூக்கிக்கொண்டு அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் 139ஆம் பிரிவுப்படி, முதலில் ஆணையாளர் நாயகத்திடம் நிர்வாக மீளாய்வு கேட்க வேண்டும். அந்த விண்ணப்பத்துக்குத்தான் 30 நாள். மீளாய்வில் வரும் தீர்மானம் உங்களுக்குத் திருப்தி இல்லாவிட்டால், அந்தத் தீர்மானத் திகதியிலிருந்து 30 நாளுக்குள் ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்யலாம்.

கோர்ட்டுக்கு வந்தபிறகு பார்க்கலாம் என்று சொன்னவரின் பேச்சைத் தயவுசெய்து கேட்க வேண்டாம். வரி கட்டாமல் விட்டால் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போவது உண்மை. ஆனால் அது அறவிடும் வழக்கு. தொகை சரியா பிழையா என்று அங்கே வாதாட இடமில்லை. வீடு நாலு மாதம் பூட்டிக் கிடந்தது என்று நீதவானிடம் சொன்னால், அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஏன் சொல்லவில்லை என்பதே பதிலாக இருக்கும்.

இந்தக் கடிதத்துக்கு நான் நீளமாகப் பதில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆணைக்குழுவில் வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் அங்கே தீர்மானமாவதில்லை. இப்போது நீங்கள் எழுதப்போகும் மீளாய்வுக் கடிதத்திலேயே அது தீர்மானமாகிவிடுகிறது. மதிப்பீடு கூடிப்போய்விட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு மேன்முறையீட்டாளருடையது. அங்கே போய், ஆணையாளர் நாயகத்துக்கு முன் காட்டாத ஆவணத்தைப் புதிதாக எடுத்து நீட்டவும் முடியாது. ஆணைக்குழு சம்மதித்தால் மட்டுமே அதை ஏற்பார்கள். பல வருடங்களுக்கு முன் நிலாவெளிப் பக்கத்து ஒருவருக்காகப் போயிருந்தேன். வீடு வெறுமையாக இருந்ததற்கு மின்சாரப் பில் எல்லாம் பத்திரமாக வைத்திருந்தார். பெரிய இடத்தில் காட்டுவோம் என்று முதற்கட்டத்தில் ஒன்றையும் கொடுக்கவில்லை. அந்தப் பில்களை உள்ளே எடுக்கச் சம்மதம் வாங்குவதிலேயே எங்கள் முதல் நாள் போனது. அன்று இரவு ரயிலில் திரும்பி வரும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களுக்கு அது நடக்கக் கூடாது. வைத்திருப்பது எல்லாவற்றையும் இப்போதே கொடுங்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். அறிவித்தலில் உள்ள வருமானம் 4,500,000. இதில் 2,400,000 பன்னிரண்டு மாத வாடகை, 1,200,000 அட்வான்ஸ், 900,000 மகன் அனுப்பியது. அந்த ஆண்டுக்குரிய தனிநபர் நிவாரணம், அதாவது வரி போடாமல் விடும் தொகை, 1,200,000 கழித்தால் 3,300,000 மிஞ்சும். 500,000 ரூபாவுக்கு ஒரு படியாக 6, 12, 18, 24, 30 வீதம் போட்டு, மிச்ச 800,000 ரூபாவுக்கு 36 வீதம் போட்டால் சரியாக 738,000 வருகிறது. கூட்டல் பெருக்கலில் பிழை இல்லை. எதைக் கூட்டினார்கள் என்பதில்தான் பிழை. (அயலவர் யாராவது நிவாரணம் 1,800,000 அல்லவா என்று கேட்டால், அது 2025 ஏப்ரல் 1 முதல் வந்தது. உங்கள் ஆண்டுக்குப் பொருந்தாது.)

அட்வான்ஸ் முதலில். வீட்டை விட்டுப் போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் உங்கள் வருமானம் அல்ல. அது உங்கள் கையில் இருக்கும் அவர்களுடைய காசு. ஒப்பந்தத்தில் ‘மீளளிக்கப்படும்’ என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து அந்த வரியை அடிக்கோடிட்டு இணையுங்கள். ‘மாத வாடகையில் கழிக்கப்படும்’ என்று இருந்தால் கதை வேறு. கழிக்கிற மாதத்தில் அந்தத் தொகை வாடகையாகிவிடும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். உங்களுடையது முத்திரைத் தாளில் இரண்டு பேர் கையெழுத்து வைத்த கடதாசி மட்டும் என்றால், புதிய கம்பனியிடம், இது திருப்பித் தரவேண்டிய வைப்பு என்று அவர்களுடைய கடிதத்தலைப்பில் ஒரு உறுதிப்பாடும் வாங்குங்கள்.

மகனின் பணம் இன்னும் இலகு. தாயின் செலவுக்குப் பிள்ளை அனுப்புவது வாடகை அல்ல, தாயின் வருமானமும் அல்ல. ஆனால் மதிப்பீட்டு அதிகாரிக்கு உங்கள் மகனைத் தெரியாது. அவர் கண்டது வங்கிக் கூற்றில் வரவு வைத்த ஒரு தொகையை மட்டும். ஒவ்வொரு வரவும் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று வங்கி தரும் கடிதத்தையும், இது அம்மாவுக்கு அனுப்பிய பணம் என்று மகன் கையெழுத்திட்ட கடிதத்தையும், உறவைக் காட்ட அவருடைய பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து வையுங்கள்.

நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது நவம்பர் முதல் பெப்ரவரி வரையான அந்த நாலு மாதத்தில். வீடு வெறுமையாக இருந்ததா என்பது நடந்த விஷயம் பற்றிய கேள்வி. சட்டக் கேள்வி அல்ல. ஆணைக்குழுவின் தீர்மானத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம்தான். ஆனால் சட்டப் பிரச்சினை மட்டுமே அங்கே எடுபடும். நடந்தது என்ன என்பது ஆணைக்குழுவோடு முடிந்துவிடும். ஆகவே அதற்கான சாட்சியம் அசைக்க முடியாததாக இருக்க வேண்டும்.

‘மாரியில் திருகோணமலையில் வீடு வாடகைக்குப் போகாது’ என்று எழுதினால் போதாது. அது எங்களுக்குத் தெரியும். கொழும்பில் கோவையைப் புரட்டுகிறவருக்குக் கடதாசி வேண்டும். மின்சார சபைப் பில்தான் இதில் முதல் சாட்சி. ஒக்டோபர் வரை ஏறிக்கொண்டிருந்த அலகு நவம்பரில் படுத்துவிடும். பெப்ரவரி வரை நிலையான கட்டணம் மட்டும் இருக்கும். மார்ச்சில் மறுபடி ஏறும். பில் தொலைந்திருந்தால் கணக்கு இலக்கத்தைக் கொடுத்து அந்த ஆண்டின் வாசிப்புகளைச் சபையிடம் எழுத்தில் கேட்கலாம். தண்ணீர்ப் பில்லும் அதே கதையைச் சொல்லும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் அதை மறுப்பது கடினம். பழைய கம்பனி சாவியை ஒப்படைத்த கடிதம் அல்லது ஈமெயில், பழைய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்த வங்கிப் பதிவு, புதிய ஒப்பந்தத்தின் ஆரம்பத் திகதி ஆகிய மூன்றும் அந்த இடைவெளியின் இரண்டு கரையையும் காட்டிவிடும். இவற்றுக்குப் பிறகுதான் கிராம சேவகரின் கடிதமும் பக்கத்து வீட்டுக்காரரின் சத்தியக்கடதாசியும். பலர் கிராம சேவகர் கடிதம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வருவார்கள். அது துணைக்கு நல்லது. தனியே நிற்காது.

வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அப்படியானால் அலஸ்தோட்டத்து வீட்டின் வாடகை, ஒக்டோபர் வரை ஏழும் மார்ச் ஒன்றுமாக எட்டு மாதத்துக்கு 1,600,000. வங்கியில் மாதம் 180,000தானே விழுந்தது என்று 1,440,000 எழுதிவிடாதீர்கள். வெட்டிய வரியும் உங்கள் வாடகையின் பகுதிதான். முழுத்தொகையை எழுதி, வெட்டியதைக் கட்டிய வரியாகக் கேட்க வேண்டும்.

இனி கடை அறை. டீச்சர், இதை மறைக்க வேண்டாம் என்று மன்றாட்டமாகக் கேட்கிறேன். ஒழுக்கம் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு அதைச் சொல்லித் தந்தவர் நீங்கள். நடைமுறையைச் சொல்கிறேன். உங்கள் வழக்கு முழுவதும் உங்கள் சொல்லை நம்புவதில் நிற்கிறது. நாலு மாதம் பூட்டிக் கிடந்தது என்கிறீர்கள். மகன் அனுப்பியது என்கிறீர்கள். இடையில் அந்தக் கடைக்காரர் தன் கணக்கில் வாடகைச் செலவு என்று உங்கள் பெயரை எழுதியிருந்தால், அது ஒரு நாள் வெளியே வரும். அதன் பிறகு உங்கள் மற்றச் சொற்களையும் யார் நம்புவார்? மாதம் 40,000 ஆண்டுக்கு 480,000. அதை நீங்களாகவே சேருங்கள்.

சேர்த்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மொத்த வாடகை 2,080,000. முதலீட்டுச் சொத்தாக வைத்திருக்கும் வீட்டின் வாடகையில் 25 வீதத்தைத் திருத்தம், பராமரிப்பு, தேய்மானம் ஆகியவற்றுக்காகக் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. இதற்குப் பற்றுச்சீட்டு தேவையில்லை. உண்மையான திருத்தச் செலவை வேறாகக் கேட்க மட்டும் முடியாது. மதிப்பீட்டில் இது கொடுக்கப்படவே இல்லை. 520,000 கழித்தால் 1,560,000. தனிநபர் நிவாரணம் போக 360,000. அதற்கு 6 வீதம் 21,600 ரூபா. கடை அறையைச் சேர்த்த பிறகும் உங்கள் வரி இவ்வளவுதான். கம்பனிகள் வெட்டியதோ எட்டு மாதத்துக்கு 160,000. வரியளவில் பார்த்தால் திணைக்களம்தான் உங்களுக்கு 138,400 திருப்பித் தர வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கு உங்கள் கடிதத்தில் இருந்த எண்களை மட்டும் வைத்தது. நிலையான வைப்பு வட்டி ஏதும் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். அரச ஓய்வூதியம் வரிக்கு உட்படாது, அதைச் சேர்க்க வேண்டியதில்லை.

அந்த 160,000 ரூபாவைக் கேட்பதற்கு உங்களிடம் நிறுத்திவைத்தல் வரிச் சான்றிதழ் இருக்க வேண்டும். மாத வாடகை 100,000 ரூபாவைத் தாண்டினால் 10 வீதம் வெட்ட வேண்டும் என்ற விதி 2023 ஜனவரி முதல் நடக்கிறது. வெட்டுகிறவர் சான்றிதழ் தரக் கடமைப்பட்டவர். இரண்டு கம்பனிக்கும் இன்றே எழுதுங்கள். போன கம்பனி பதில் போடாமல் இழுத்தடித்தால், நீங்கள் கேட்டு எழுதிய கடிதத்தின் பிரதியையாவது மீளாய்வுக் கோவையில் வையுங்கள். அதோடு, இந்த வெட்டு முடிந்த முடிவான வரி அல்ல. ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போது கழித்துக்கொள்ளும் முற்கொடுப்பனவு. இதே நினைப்பில் விபரத்திரட்டு அனுப்பாமல் இருப்பவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். உங்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் 2024 நவம்பர் 30க்குள் அந்த விபரத்திரட்டு போயிருக்க வேண்டும். போகாததால்தான் அதிகாரி கையில் கிடைத்ததை வைத்து மதிப்பிட்டார், அதற்கு அவருக்கு அதிகாரமும் உண்டு. தாமதத் தண்டம் வரி குறைந்தால் தானாகப் போய்விடாது. ஏன் தாமதமானது என்பதை நேர்மையாக எழுதி, குறைக்கும்படி தனியாகக் கேளுங்கள். சுகவீனம் ஏதும் இருந்திருந்தால் வைத்தியச் சான்றிதழ் வையுங்கள்.

விபரத்திரட்டை இப்போது அனுப்புங்கள், மீளாய்வு விண்ணப்பத்தையும் அனுப்புங்கள். ஒன்று மற்றதற்குப் பதிலாகாது. இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் ‘வரி அதிகம், குறைத்துத் தரவும்’ என்று எழுதினால் அது மனு, ஆட்சேபனை அல்ல. காரணங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். அட்வான்ஸ் 1,200,000 வருமானம் அல்ல, மகன் அனுப்பிய 900,000 வருமானம் அல்ல, நாலு மாத வாடகை 800,000 கிடைக்கவே இல்லை, 25 வீத நிவாரணம் தரப்படவில்லை, நிறுத்திவைத்த வரி கழிக்கப்படவில்லை, கடை அறை 480,000 நான் சேர்க்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த ஆவணம், எத்தனையாவது இணைப்பு என்று குறியுங்கள். முடிவில் மீளாய்வு முடியும் வரை தர்க்கத்தில் உள்ள தொகையை அறவிடாமல் நிறுத்திவைக்கும்படி கேளுங்கள். தோற்றால் கட்டாத தொகைக்கு மாதம் 1.5 வீத வட்டி ஏறியிருக்கும் என்பதையும் தெரிந்து வையுங்கள்.

தமிழிலேயே எழுதலாம். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. ஆங்கிலத்தில் வந்த அறிவித்தலுக்குத் தமிழில் பதில் எழுதினால் எடுபடாது என்று யாராவது பயமுறுத்தினால் கேட்க வேண்டாம். ஆணைக்குழு வரை போக நேர்ந்தால் மட்டும் முக்கிய ஆவணங்களுக்குச் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பு எடுத்து வைப்பது நல்லது. அங்கே உங்களுக்காக ஒரு சட்டத்தரணியோ கணக்காளரோ அதிகாரக் கடிதத்தோடு பேசலாம். மனுவோடு தீர்மானத்தின் பிரதி வேண்டும். தொகையில் சட்டம் சொல்லும் ஒரு பங்கைக் கட்டவோ, அதற்கு வங்கி உத்தரவாதம் கொடுக்கவோ வேண்டியும் இருக்கும். மீளாய்விலேயே தொகையைக் குறைத்துவிட்டால் அந்தச் சுமையும் சுருங்கும். உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. போனாலும் தாங்கும்படி கோவையைக் கட்டுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சோலைவரி மதிப்பீட்டைக் காட்ட வேண்டாம். சபை ஒரு வீட்டுக்குப் போடும் வருடாந்தப் பெறுமதி வேறு, வருமான வரிக்குக் கைக்கு வரும் வாடகை வேறு. கிடைத்த வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும்போது, சபையின் குறைந்த பெறுமதியைக் காட்டுவது நீங்கள் எதையோ மழுப்புகிறீர்கள் என்ற எண்ணத்தைத்தான் தரும்.

உங்களைப் போல் வீடு வாடகைக்கு விடும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வீடு சகோதரங்களின் பெயரில் கூட்டாக இருந்தால், வாடகையை ஒருவர் வாங்கினாலும் உறுதியில் உள்ள பங்கின்படி அவரவர் கணக்கில் பிரிய வேண்டும். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையில் அறைகளை நாள் வாடகைக்கு விட்டு, சாப்பாடும் கொடுத்து, துப்புரவுக்கு ஆள் வைத்து நடத்துகிறவர்கள் இந்த 25 வீதத்தை எதிர்பார்க்க வேண்டாம். அது வியாபாரம். அங்கே உண்மையான செலவுக்குப் பற்றுச்சீட்டு வேண்டும்.

டீச்சர், விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபாலில் போட்டு ரசீதை ஒட்டி வையுங்கள். அறிவித்தல் வந்த உறையைக் குப்பையில் போட்டிருந்தால் இன்றே தேடி எடுங்கள். அதில் உள்ள தபால் முத்திரைதான் உங்கள் 30 நாள் எங்கே தொடங்கியது என்பதற்குச் சாட்சி. ஆனாலும் முப்பதாவது நாள் வரை இழுக்காமல், அறிவித்தலில் அச்சிட்ட திகதியிலிருந்தே எண்ணி, அதற்குள் கொடுத்துவிடுங்கள். சான்றிதழ் ஏதாவது வந்து சேராவிட்டாலும் விண்ணப்பம் நிற்கக் கூடாது. ‘பின்னர் சமர்ப்பிக்கப்படும்’ என்று இணைப்புப் பட்டியலில் எழுதி, வந்த அன்றே கொண்டுபோய்ச் சேருங்கள்.